இறுகிய தோளோடு வெள்ளியங்கிரி: டியூப் வைத்த தண்ணிப் பை வாங்கலாமா?

நூல்கண்டு_திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். மார்ச் கடைசியில் நானும் என் மைத்துனரும் வெள்ளியங்கிரி ஏறுகிறோம். எனக்கு வயது 46, இது ஆறாவது தடவை. இதுவரை ஐந்து தடவையும் பையின் பக்கவாட்டு வலையில் ஒரு லிட்டர் பாட்டில், அவ்வளவுதான். தண்ணீரைப் பற்றி யோசித்ததே இல்லை.

இந்த முறை யோசிக்க வேண்டியிருக்கிறது. போன வருஷம் வலது தோள் இறுகிப் போய், எட்டு மாதம் பிசியோதெரபி செய்தேன். இப்போது கை தலைக்கு மேல் போகிறது, சட்டை போட முடிகிறது. ஆனால் முதுகுப் பக்கமாகத் திருப்பினால் பாதியிலேயே நின்றுவிடும். வலைப்பையில் இருக்கும் பாட்டில் கைக்கு எட்டுவதில்லை. இடது பக்கம் மாற்றி வைத்தேன். எடுக்க வந்தது, திருப்பிச் செருக வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பழக்கத்துக்காகச் சென்னிமலை 1,320 படியும் ஏறிப் பார்த்தேன். கீழே நிரப்பிக்கொண்டு போன பாட்டில் மேலே போகும்வரை அப்படியே இருந்தது. தாகம் எடுத்தது. பையைக் கழற்றி மாட்டுவதற்குச் சங்கடப்பட்டு ‘அடுத்த மண்டபத்தில் குடிக்கலாம்’ என்று தள்ளிப் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். அன்று சாயங்காலம் முழுக்கத் தலைவலி. அதுதான் பயமாக இருக்கிறது. வெள்ளியங்கிரியில் நாங்கள் ராத்திரி ஏறுவோம். ஒரு கையில் மூங்கில் தடி, இன்னொரு கையில் டார்ச். அங்கே இப்படித் தள்ளிப் போட்டால் என்ன ஆகும்?

முதுகுப் பைக்குள் தண்ணிப் பை வைத்து, தோள்வாரில் டியூப் வந்து, வாயில் கடித்து உறிஞ்சுகிற மாதிரி இருக்கிறதே, அதை வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒன்றரை லிட்டரா, இரண்டா, மூன்றா? ஆன்லைனில் 400 ரூபாய்க்கும் இருக்கிறது, 3,000 ரூபாய்க்கும் இருக்கிறது. வித்தியாசம் எதில்? கழுவுவது பெரிய வேலை என்கிறார்கள், உண்மையா? டிசம்பரில் மைத்துனர் உத்தராகண்டில் இருக்கிற கேதார்காந்தா பனிமலைக்குக் கூப்பிடுகிறார். அங்கேயும் இதையே எடுத்துப் போகலாமா?

கல்மண்டபம்

கண்ணை மூடிக்கொண்டு 3 லிட்டர் வாங்குங்க பிரதர். பெரிய பையில் கொஞ்சமா நிரப்பிக்கலாம், சின்னப் பையில் அதிகமா நிரப்ப முடியாது. நான் மூணு வருஷமா அப்படித்தான் பயன்படுத்துறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

ஈரோட்டு_அக்கா

தம்பி, நான் ஸ்டாஃப் நர்ஸ். இருபத்தெட்டு வருஷமா வார்டு வேலை. பர்வதமலை, கொழுக்குமலை, குமார பர்வதம் எல்லாம் இந்த மாதிரிப் பையோடுதான் ஏறியிருக்கிறேன். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது தோள் இல்லை, ‘தள்ளிப் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன்’ என்ற வரி. தாகத்தைத் தள்ளிப் போடுகிறவர்களுக்காகவே உண்டான சாமான் இது. கட்டாயம் வாங்குங்கள்.

இதன் பிறப்பே எங்கள் வார்டில் இருந்துதான். 1989இல் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தின் விசிட்டா ஃபால்ஸ் ஊரில், ஆகஸ்டு வெயிலில் நூறு மைல் சைக்கிள் பந்தயம். மைக்கேல் எய்ட்சன் என்ற ஆம்புலன்ஸ் பணியாளர் ஒரு சலைன் பையில் தண்ணீரை நிரப்பி, நீளமான காலுறைக்குள் போட்டு, பனியன் முதுகில் தைத்துக்கொண்டார். டியூப்பைத் தோள் மேல் கொண்டுவந்து, நுனியைத் துணி காயப்போடும் கிளிப்பால் இறுக்கினார். கேமல்பேக் கம்பெனி அதிலிருந்து வந்தது. இன்றைக்கு 400 ரூபாய்ப் பையும் 3,000 ரூபாய்ப் பையும் அடிப்படையில் அந்தச் சலைன் பைதான். அதனால் நானும் இதை ஒரு நர்ஸாகத்தான் பார்ப்பேன்: பையின் வாய், டியூப், நுனி வால்வு. லிட்டர் கணக்கு அப்புறம்.

முதலில் வாய். இரண்டு வகை உண்டு. ஒன்றில் மேல் விளிம்பு முழுவதும் திறக்கும், மடித்து ஒரு பிளாஸ்டிக் பட்டையைப் பக்கவாட்டில் தள்ளி மூட வேண்டும். இன்னொன்றில் வட்டமான திருகு மூடி. முழுதாகத் திறப்பதில் கை உள்ளே போகும், தேய்த்துக் கழுவலாம், சீக்கிரம் காயும். திருகு மூடியைக் குழாயடியில் பிடித்து நிரப்புவது சுலபம், ஆனால் மூலைகளுக்கு விரல் போகாது. நான் முழுதாகத் திறப்பதைத்தான் சொல்வேன். உங்கள் தோளுக்கும் அதுதான் நல்லது. இறுக்கித் திருக வேண்டிய மூடி வலது மணிக்கட்டையும் தோளையும் சேர்த்து வேலை வாங்கும்.

விலை வித்தியாசம் முக்கியமாகப் பிளாஸ்டிக்கிலும் வால்விலும் இருக்கிறது. நல்லவற்றை டிபியூ என்ற, ரப்பர் மாதிரி வளைகிற பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். மடித்தாலும் வெடிக்காது, வாடை குறைவு. மலிவானவற்றில் தண்ணீர் இரண்டு மணி நேரத்திலேயே மழைக்கோட்டு வாசனை அடிக்கும். வாசனை அடித்தால் குடிக்க மனசு வராது, திரும்பவும் தள்ளிப் போடுவீர்கள். வால்வு விஷயத்தில் ஒன்று மட்டும் பாருங்கள்: கடிக்கும் நுனிக்குப் பின்னால் மூடித் திறக்கிற ஒரு சின்ன லாக் இருக்க வேண்டும். அது இல்லாதது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். என் முதல் பையில் லாக் இல்லை. கொழுக்குமலை போகும்போது போடியில் பஸ் மாறினோம். என் பை மேல் யாரோ இன்னொரு பையை வைத்துவிட்டார்கள். நுனி வால்வு அதன் அடியில் நசுங்கி, வழி முழுக்கச் சொட்டியிருக்கிறது. மேலே போய்த் திறந்தால் ஸ்வெட்டர், மாற்றுத்துணி, பெட்ஷீட் எல்லாம் ஈரம். அந்தக் குளிரில் ராத்திரி முழுக்க கூட வந்த பெண்ணின் சால்வையைப் பாதி வாங்கிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து என் துணியெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள்தான் போகும். கொண்டுபோன உறை அத்தனையும் திரும்ப வீட்டுக்கு வந்துவிடும். வெள்ளியங்கிரியில் அடிவாரத்திலேயே பிளாஸ்டிக்கைச் சோதிப்பார்கள் என்பதால் நீங்கள் துணிப்பைக்குள் ரெக்சின் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எத்தனை லிட்டர்? கல்மண்டபம் சொன்னதில் நான் மாறுபடுகிறேன். மூன்று லிட்டர் பை வாங்கினால் மூன்று லிட்டர் நிரப்பத்தான் கை போகும். மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ, முழுவதும் உங்கள் இரண்டு தோள்வாரில். கர்நாடகத்தின் குமார பர்வதத்தில், வழியில் சாப்பாடு போடுகிற பட்டர் மனை வீட்டைத் தாண்டினால் நிழலும் கிடையாது, அதற்கு மேலே இருக்கிற கல் மண்டபம் என்ற இடத்தை விட்டால் தண்ணீரும் கிடையாது. அங்கே மூன்று லிட்டர் நியாயம். உங்கள் மலையில் வழியெல்லாம் சுனை இருக்கிறது. கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை, ஆண்டிச் சுனை என்று நீங்களே ஐந்து தடவை பார்த்தவர். அதுவும் ராத்திரி ஏற்றம், வெயில் இல்லை. இரண்டு லிட்டர் பை வாங்கி, ஒன்றரை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். சுனைத் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் விடுங்கள். சீசனில் எத்தனை ஆயிரம் பேர் கை நனைக்கிற இடம் அது. சுனையில் பையை முக்கி நிரப்ப முடியாது, பை ஒட்டிக்கொள்ளும். ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோய் மொண்டு ஊற்றுங்கள்.

இன்னொரு அரை லிட்டர் ஸ்டீல் பாட்டிலும் கட்டாயம் வேண்டும். அதில் ஓஆர்எஸ் (உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடி) கரைத்து, பையின் முன்பக்கம் இடுப்புவாரில் மாட்டிக்கொள்ளுங்கள். பாக்கெட் ஒரு லிட்டருக்கானது என்றால் அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டக் கூடாது. வீட்டிலேயே ஒரு லிட்டராகக் கரைத்து, பாதியை மைத்துனர் பாட்டிலில் ஊற்றிவிடுங்கள். அதை ஏன் டியூப் பைக்குள் ஊற்றக் கூடாது என்றால், ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸ் இருக்கிறது. இனிப்புத் தண்ணீர் ஒரு மீட்டர் டியூப்புக்குள் ஒட்டிக்கொண்டால் இரண்டே நாளில் வழவழப்பு வரும், அப்புறம் கறுப்புப் புள்ளி. டியூப் பைக்குள் வெறும் தண்ணீர் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. எலுமிச்சை ஜூஸ், குளுக்கோஸ் பவுடர், மோர் எதுவும் கூடாது. வார்டில் இதை எத்தனை பேரிடம் எத்தனை டியூப்பைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா.

உப்பு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. டியூப் வாய்ப் பக்கத்திலேயே இருப்பதால் சிலர் நினைத்து நினைத்து உறிஞ்சுவார்கள். வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, உள்ளே வெறும் தண்ணீர் மட்டும் போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வரும். பார்ப்பதற்கு நீர்ச்சத்துக் குறைவு மாதிரியே இருப்பதால் கூட இருப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். அதனால் கடிகாரம் பார்த்துக் குடிக்காதீர்கள். தாகம் எடுக்கும்போது உடனே இரண்டு மூன்று மடக்கு, அது போதும். நடுவில் ஒருமுறை நிறுத்தி, ஓஆர்எஸ்ஸோடு வேர்க்கடலை உருண்டையோ உப்புக் கடலையோ சாப்பிடுங்கள்.

கழுவுவது பெரிய வேலையா என்று கேட்டீர்கள். கழுவுவது வேலையில்லை தம்பி, காயவைப்பதுதான் வேலை. வந்த அன்றைக்கே வெந்நீரில் (கொதிநீர் வேண்டாம்) ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு ஊறவைத்து, நுனி வால்வைப் பிதுக்கி அந்தத் தண்ணீரை டியூப் வழியாக ஓடவிடுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு அலசல். பையைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உள்ளே காற்று போகாது. நான் தயிர் கடைகிற மர மத்தை உள்ளே நுழைத்துவிடுவேன். மத்தின் தலை இரண்டு பக்கத்தையும் விலக்கிப் பிடிக்கும், பை கூடாரம் மாதிரி நிற்கும். நல்ல வெயிலில்லாத காற்றோட்டத்தில் ஒரு ராத்திரி போதும். டியூப்பைத் தனியாகக் கழற்றி, ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்று கவண் சுற்றுகிற மாதிரி சுற்றினால் உள்ளே இருக்கிற தண்ணீர் அத்தனையும் பறந்துவிடும். எங்கள் வீட்டில் அது பேரனின் வேலை. பையைக் கட்டி ஃப்ரீசரில் போட்டு வைப்பவர்களும் உண்டு, அங்கே பூஞ்சை வளராது. என் ஃப்ரீசரில் இடமில்லை.

வாங்கியதும் நேரே மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். முழுதாக நிரப்பி மூடி, பழைய துண்டின் மேல் படுக்கவைத்து, மேலே ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் துண்டு காய்ந்திருந்தால் நம்பலாம். அதே தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், வாசனையும் தெரிந்துவிடும்.

பனித்தடம்

அக்கா சொன்னதெல்லாம் சரி. கேதார்காந்தாவுக்கு மட்டும் நான் சொல்கிறேன், நான் டிசம்பர் கடைசியில் போனவன், சென்னைக்காரன்.

அடிவார ஊரான சாங்க்ரியில் இருந்து கிளம்பி முதல் நாள் டியூப் நன்றாகவே வேலை செய்தது. உச்சி 12,500 அடி, அதற்கு விடிவதற்கு முன்பே கிளம்புவோம். கிளம்பி அரை மணி நேரம் கழித்து உறிஞ்சினால் எதுவும் வரவில்லை. பைக்குள் இருந்த தண்ணீர் உறையவில்லை, முதுகுச் சூட்டில் அது நன்றாகத்தான் இருந்தது. டியூப்பில் நிற்கிற தண்ணீர் கொஞ்சம்தான், ஒரு மீட்டர் டியூப்பில் 30 மில்லிக்குப் பக்கம். அது உறைந்தது. அதிலும் முதலில் உறைந்தது கடிக்கும் நுனி. முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு, ஒரு சொட்டு குடிக்க முடியாமல் சூரியன் வரும்வரை நடந்தேன். டியூப்புக்கு உறை விற்கிறார்கள், என்னிடமும் இருந்தது. அது கொஞ்ச நேரம் தள்ளிப் போடும், அவ்வளவுதான்.

குடித்து முடித்ததும் டியூப்பில் ஊதிவிட வேண்டும். தண்ணீர் பைக்குள் திரும்பிப் போய்விடும், டியூப் காலியாக இருக்கும், காலியான டியூப் உறையாது. இதை ஒவ்வொரு தடவையும் செய்யணும், ஒரு தடவை மறந்தால் போச்சு. (வெயில் காலத்திலும் இது உதவும். டியூப்பில் நிற்கிற முதல் மடக்குதான் டீ மாதிரி சுடும்.) நான் இப்போது பனிக்குப் போனால் டியூப்பே எடுப்பதில்லை. அகல வாய் பாட்டில் இரண்டு, கம்பளிக் காலுறைக்குள் போட்டு, தலைகீழாக வைப்பேன். பனிக்கட்டி மேல்மட்டத்தில்தான் உருவாகும், தலைகீழாக இருந்தால் அது பாட்டிலின் அடிப்பக்கம் போய்விடும், மூடி திறக்க வரும். ராத்திரி வெந்நீர் நிரப்பி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டால் கால் சூடு, காலையில் குடிக்கவும் ஆச்சு.

பாட்டிலை எட்ட முடியாது என்பதுதானே உங்கள் பிரச்சினை? பின்பக்க வலையில் வைக்காதீர்கள். தோள்வாரின் முன்பக்கம், நெஞ்சில் மாட்டுகிற துணிப் பௌச் கிடைக்கிறது, 500 மில்லி பாட்டில் அதில் உட்காரும். தோள் அசையவே வேண்டாம், முழங்கையை மடக்கினால் போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சாதாரண பாட்டிலின் வாயில் மாட்டுகிற மூடியோடு நீள டியூப் வரும். எவ்வளவு மிச்சம் என்று கண்ணில் தெரியும், நிரப்ப முதுகுப் பையைப் பிரிக்க வேண்டாம். ஆனால் மூடியில் காற்று உள்ளே போகிற சின்னத் துளை இருக்கிறதா பாருங்கள். கெட்டியான பாட்டில் சுருங்காது. காற்று உள்ளே போகாவிட்டால் நாலு மடக்கில் உறிஞ்சல் நின்றுவிடும்.

நூல்கண்டு_திருப்பூர்

அக்கா, பனித்தடம், கல்மண்டபம் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு லிட்டர், முழுதாகத் திறக்கிற வாய், லாக் உள்ள வால்வு பார்த்து வாங்கிவிட்டேன், 1,400 ரூபாய். அரிசிப் பை சோதனையில் துண்டு காய்ந்தே இருந்தது. டிசம்பருக்கு நெஞ்சுப் பௌச் என்று முடிவு செய்துவிட்டேன்.

நேற்று திரும்பவும் சென்னிமலை. இறங்கும்போது பையில் பாதிக்கும் குறைவாக இருந்தது, தலைவலி இல்லை. இரண்டு சந்தேகம். நடக்கும்போது முதுகில் களக் களக் என்று சத்தம் வருகிறது, அது எதனால்? டியூப் வலது தோள்வாரில் வருகிற மாதிரி பையில் துளை இருக்கிறது, நுனியைப் பிடித்து வாய்க்குக் கொண்டுவர இடது கை நெஞ்சைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. இடது பக்கம் மாற்றலாமா?

ஈரோட்டு_அக்கா

நல்ல செய்தி தம்பி. சத்தம் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று. நிரப்பி மூடியதும் பையைத் தலைகீழாகப் பிடியுங்கள், டியூப் பொருந்துகிற இடம் மேலே வரும், காற்றும் அங்கே சேரும். அப்போது நுனியை உறிஞ்சினால் முதலில் காற்று வரும், தண்ணீர் வாய்க்கு வந்ததும் நிறுத்துங்கள். சலைன் போடுவதற்கு முன் நாங்கள் டியூப்பில் காற்றை வெளியேற்றுவதும் இதே கவனத்தோடுதான்.

இடது பக்கம் தாராளமாக மாற்றலாம். தனித் துளை இல்லாவிட்டால் பையின் மேல் ஜிப்பை இரண்டு விரல் அளவு திறந்து விட்டு அதன் வழியாக எடுங்கள். டியூப் நீளமாகத் தொங்கினால் தடியில் சிக்கும். தோள்வாரோடு ஒட்டி, நுனி தாடைக்குக் கீழே நான்கு விரல் தள்ளி நிற்கிற அளவுக்கு வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில் இருந்தால் தலையைக் கொஞ்சம் குனிந்தாலே வாய்க்கு வந்துவிடும், கையே வேண்டாம். வெட்டும் முன் பையை மாட்டிக்கொண்டு அளந்து பாருங்கள், குட்டையாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. முதலில் கொஞ்சமாக வெட்டுங்கள். நுனியை நெஞ்சில் நிறுத்தக் காந்தக் கிளிப் விற்கிறார்கள். உங்களுக்குச் சரி. கூட வருகிறவர்களில் பேஸ்மேக்கர் வைத்தவர் யாராவது இருந்தால் அவர்களுக்கு அது வேண்டாம், சாதாரண கிளிப் போதும். அப்படி இதயப் பிரச்சினை உள்ளவர்கள் அந்த மலையே ஏற வேண்டாம் என்றுதான் வனத்துறையும் சொல்கிறது.

பையை நிரப்பியதும் முதலில் அதைக் காலியான முதுகுப் பைக்குள் வையுங்கள், அப்புறம் துணியை அடுக்குங்கள். துணி அடுக்கிய பிறகு தண்ணிப் பையை உள்ளே திணிப்பதற்குத்தான் தோளில் பலம் வேண்டும்.